சண்டை மீன் வளர்ப்பும் அதன் உணவு முறையும்

வீடுகளில் அழகுக்காக வளர்க்கப்படும் மீன்களுள் சயாம் சண்டை மீன் அநேகராலும் விரும்பப்படுவதாகும். ஒரு விரல் நீளமே உள்ள உடலும், அகன்று விரியும் துடுப்புகளும், நீலம், சிவப்பு, பச்சை முதலிய நிறங்களும் உடைய இம்மீனைக் கடைகளில் சிறு புட்டிகளில் இட்டு விற்கிறார்கள். பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் பெரியோர்களும் வாங்கிக் கொடுக்கின்றனர். தக்கபடி பேணினால் இரண்டு மூன்று ஆண்டுகள் உயிரோடிருக்கக்கூடிய இம்மீன், பல வீடுகளில் சில வாரங்களுக்குள்ளாகவே மடிந்துபோகிறது. வாங்கியவர், மீனின் ஆயுள் அவ்வளவே என்று எண்ணி வேறொன்றை வாங்குகிறார்; அதுவும் அவ்வாறே மடிகிறது.

இவ்விதம் மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டினியன்று. அளவு மீறி இட்ட உணவும், அவ்வுணவினால் கெட்ட நீருமே காரணமாகும். மாடு வளர்ப்போர் தீவனத் தொட்டியை ஓரிடத்திலும் சாணக்குழியை மற்றோரிடத்திலும் வைத்துக்கொள்கின்றனர். மீனுக்கோ தீவனத் தொட்டியும், தொழுவமும், சாணக்குழியும் யாவும் ஒரே நீர்தான். ஆகையால், மீனுக்கு உணவிடுதல் என்பதும் நீரைக் காத்தல் என்பதும் இரண்டு வேலைகளல்ல. ஒரே வேலையின் இரு பகுதிகளாம். இவ்வுண்மையை மனத்திற் கொண்டவர்க்குச் சண்டை மீன் வளர்ப்பில் கஷ்டம் அதிகமில்லை.

மீனின் இயல்பு

இம்மீனின் தாயகம் முன்னாளில் சயாம் என்று வழங்கிய தாய்லாந்து தேசம். அங்கே சாவ் பிரயா ஆற்றின் சமவெளியில், நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் பூண்டுகள் அடர்ந்த ஆழமில்லாத நீரில் இது இயற்கையாக வாழ்கிறது. அந்நாட்டார் இதனைக் கடிக்கும் மீன் என்று பொருள்படும் 'பிளா கட்' என்னும் பெயரால் அழைப்பர். சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கும் வழக்கம் அங்கு மிகப் பழமையானது. மனிதர் இதனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1,000 ஆண்டுகள் ஆயிருக்கவேண்டுமென்று 2022இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' என்னும் சாஸ்திரப் பெயரை 1910இல் ரீகன் என்னும் ஆங்கில அறிஞர் இட்டார். 2019இல் தாய்லாந்து அரசாங்கத்தார் இதனைத் தங்கள் தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தனர்.

நமது வயல்களிலும் ஏரிகளிலும் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இம்மீனுக்கும் உறவுண்டு. இரண்டும் செவுள்களால் நீரிலுள்ள பிராணவாயுவைக் கொள்வதோடு, செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பினால் வெளிக்காற்றையும் சுவாசிக்கின்றன. ஏரி வற்றும் காலத்தில் பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்து வேறு நீர்நிலையை நாடுவது இவ்வுறுப்பின் உதவியாலேயே. சண்டை மீன் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றைப் பருகிச் செல்வதும் இதனாலேதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். வெளிக்காற்றைச் சுவாசிப்பதால் இம்மீன் ஒரு தம்ளர் நீரிலும் நலமாக வாழும் என்று அவர்கள் கருதுகின்றனர். வெளிக்காற்றைப் பருகும் ஆற்றல், நீரில் பிராணவாயு குறைந்த குறையை மட்டும் தீர்க்கும். நீரிற் சேரும் நஞ்சை அகற்றாது. நெல்வயலின் நீர் ஆழம் குறைந்ததேயாயினும் பரப்பு மிகுந்தது. அங்கே ஒரு மீனின் கழிவு ஏராளமான நீரிற் கலந்து, மண்ணாலும் செடிகளாலும் கிரகிக்கப்படுகிறது. புட்டியில் அடைபட்ட மீனோ தன் கழிவிலேயே மூழ்கிக் கிடக்கிறது.

பாத்திரமும் இடமும்

ஒரு மீனுக்கு 10 லிட்டருக்குக் குறையாத நீர் கொள்ளும் பாத்திரம் வேண்டும். 20 லிட்டர் கொள்வதாயின் உத்தமம். ஆழத்தைவிட அகலமே முக்கியம். மேலே வந்து காற்றுப் பருகும் மீனாதலால் நீரின் ஆழம் ஒரு சாணுக்கு மேற்படாதிருத்தல் நலம். இம்மீன் துள்ளி வெளியே விழக்கூடியது. ஆகவே, வலை மூடியோ துளையிட்ட மூடியோ இட்டு, நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே நான்கு விரற்கடை வெளி விடவேண்டும். காற்றுப் புகாதபடி இறுக மூடுதல் கூடாது.

புதிய சிமெண்டுத் தொட்டியை உடனே உபயோகித்தல் கேடு தரும். சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து நீரில் ஊறி மீனைக் கொன்றுவிடும். நீர் நிரப்பியும் மாற்றியும் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்த பின்னரே மீனை விடவேண்டும்.

நேர் வெயில் படும் சன்னலோரம் ஆகாது. சிறு பாத்திரத்து நீர் நமது கோடையில் விரைவில் சூடேறிவிடும். இம்மீனுக்கு ஏற்ற உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு. சமவெளி ஜில்லாக்களில் வருஷத்தின் பெரும்பகுதியில் நிழலில் வைத்த நீர் ஏறக்குறைய இந்நிலையிலேயே இருக்கும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பிரதேசங்களில் நீரைச் சூடாக்கும் கருவியின்றி இதனை வளர்க்க முயல்வது வீண். குளிரில் மீன் சோர்ந்து, உணவு செரியாமல், எளிதில் நோய்க்கு இரையாகும்.

இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடலாகாது. ஒன்றையொன்று துடுப்புக் கிழியவும் உயிர் போகவும் கடித்துக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும் இனவிருத்தி வேளையன்றிச் சேர்த்து வைத்தலும் தகாது. கண்ணாடியில் தன் உருவத்தைக் காட்டினால் மீன் துடுப்பை விரித்துச் சீறும். வேடிக்கைக்காக நாள் முழுதும் கண்ணாடி காட்டி அதனை ஓயாது வெகுளச் செய்தல் அதன் பலத்தைக் குன்றச் செய்யும்.

நீர்

மீனின் செவுள் வழியாக அம்மோனியா இடைவிடாது வெளியாகிறது. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. நிலத்தில் இட்ட அம்மோனியம் சல்பேட்டு எருவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுதலைக் குடியானவர் அறிவர். அதே வகை நுண்ணுயிர்கள் மீன் தொட்டியிலும் மணலின் மேலும், வடிகட்டும் பஞ்சின் மேலும், தொட்டியின் சுவரிலும் படிந்து அவ்வேலையைச் செய்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரேட்டு அவ்வளவு தீங்கு செய்வதன்று. நீர்ச்செடிகளுக்கு அது எருவாகவும் பயன்படும்.

புதிதாக அமைத்த தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் வாங்கிய முதல் மாதத்தில் அதிகமாக மடிவதற்கு இதுவே காரணம். அக்காலத்தில் உணவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி வருதல் அவசியம். தொட்டி பழகிய பின்னர் வாரத்திற்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு மாற்றினாற் போதும். நீர் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, மணலையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவோர், சுத்தம் செய்வதாக எண்ணி அந்நுண்ணுயிர்களையே அழித்துவிடுகின்றனர். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசவேண்டும்.

கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிகளிலிருந்து வரும் நீரில் பிளீச்சிங் பவுடர் இடப்படுவதால் குளோரின் கலந்திருக்கும். மக்களின் சுகாதாரத்திற்கு அது இன்றியமையாதது. ஆனால் மீனின் செவுளை அது எரித்துவிடும். அந்நீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் முழுதும் திறந்து வைத்திருந்த பின்னரே தொட்டியில் விடவேண்டும். கிணற்று நீரையும் அவ்வாறே ஆறவைத்து உபயோகித்தல் நலம். புதிய நீரும் பழைய நீரும் ஏறக்குறைய ஒரே உஷ்ணத்தில் இருத்தல் வேண்டும்.

பயிர்த்தொழில் செய்வோர் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளுள் பல, மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும் தன்மையன. மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் இடுதலும், மருந்து அடித்த வயலின் நீரையோ அதிலுள்ள புழுக்களையோ மீனுக்குக் கொண்டுவருதலும் அறவே கூடாது. வீட்டினுள் கொசுமருந்து தெளிக்கும்போது தொட்டியை மூடி, தெளித்த வாடை நீங்கியபின் திறக்கவேண்டும்.

உணவு

சண்டை மீன் புலால் உண்ணும் மீன். இயற்கையில் நீரின் மேல் விழும் பூச்சிகளையும், கொசுப்புழுக்களையும், நீர்த்தெள்ளு முதலிய நுண்ணிய பிராணிகளையும் தின்று வாழ்கிறது. வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதே அது நீர்மட்டத்தில் இரை தேடும் பிராணி என்பதற்கு அடையாளம். கோயில் குளத்து மீனுக்குப் பொரியிட்டுப் பழகியவர்கள் இதற்கும் பொரியும், சோறும், ரொட்டித் துணுக்கும் இடுகின்றனர். இவற்றை இம்மீன் நன்கு செரிக்காது. உண்ணாமல் விட்டவை ஊறி நீரைக் கெடுக்கும். பொன்மீனுக்கென்று விற்கும், தானியமாவு மிகுந்த தீவனமும் இதற்கு ஏற்றதன்று.

ஏற்ற உணவுகள் பின்வருமாறு:

சண்டை மீனுக்கென்று செய்த சிறு குருணைத் தீவனம். புரதம் 40 விழுக்காட்டுக்குக் குறையாததும், மீன்மாவு அல்லது இறால்மாவு முதன்மையாகச் சேர்ந்ததுமாகப் பார்த்து வாங்கவேண்டும். டப்பாவைத் திறந்தபின் ஈரம் படாமல் மூடி வைத்துச் சில மாதங்களுக்குள் செலவிடவேண்டும். பூசணம் பிடித்ததை எறிந்துவிட வேண்டும்.

நீர்த்தெள்ளு. இது உயிருணவுகளுள் சிறந்தது. மீன் தின்னாமல் விட்டவை நல்ல நீரில் சில காலம் உயிரோடிருப்பதால் உடனே அழுகி நீரைக் கெடுப்பதில்லை, மலச்சிக்கலையும் தடுக்கும். நிழலில் வைத்த தொட்டியில் நீர் இலேசாகப் பசுமை பெறும் அளவுக்கு மட்டும் சிறிது சாணமோ கடலைப் பிண்ணாக்கோ கரைத்து, கொஞ்சம் நீர்த்தெள்ளை விட்டால், சில நாட்களில் பெருகும். நாற்றம் உண்டாகுமளவு எரு இட்டால் யாவும் மடிந்துவிடும்.

மண்புழு. சிறு புழுவாக எடுத்து, நன்கு கழுவி, பொடியாக நறுக்கி வாரத்திற்கு ஒருமுறை இடலாம்.

கொசுப்புழு. மீன் மிக விரும்பி உண்ணும். ஆனால், இதற்காக வீட்டில் நீரைத் தேக்கிக் கொசுவை வளர்த்தல் பெருந்தவறு. கொசு பெருகும்படி நீர் தேங்கவிடுதல் 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படியும் தடுக்கப்பட்டதாகும். கிராம அதிகாரிகள் இதனை மீன் வளர்ப்போருக்கு எடுத்துக் கூறுதல் நலம். சுத்தமான நீரில் தற்செயலாகக் கண்ட புழுக்களை வலையால் அரித்துக் கழுவி மீனுக்கு இட்டு, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும்.

சாக்கடை ஓரங்களில் எடுக்கப்படும் செந்நிற நூற்புழுக்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அழுக்கில் வளர்வதால் நோய்க்கிருமிகளை உடன் கொண்டுவரக் கூடியவை, தவிர்த்துவிடுதல் உத்தமம்.

உணவின் அளவு

எந்த உணவைக் கொடுக்கிறோம் என்பதினும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது முக்கியம். இம்மீனின் இரைப்பை மிகச் சிறியது. வளர்ந்த மீன் ஒன்றுக்குச் சிறு குருணைத் தீவனமாயின் காலையில் மூன்று, மாலையில் மூன்று போதும். உயிருணவாயின் ஒரு வேளைக்குக் கொசுப்புழு அளவில் நான்கைந்து போதும். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிப்பதே சரியான அளவு. அதற்குமேல் எஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். குருணைகளை ஒவ்வொன்றாக இட்டு, தின்றதைக் கண்டபின் அடுத்ததை இடுதல் நன்று. வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடலாம்.

மீன் மனிதரைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து நெளிவதைப் பசியென்று எண்ணுதல் கூடாது. உணவிடுபவரைக் கண்டு பழகியதால் அவ்வாறு செய்கிறது; வயிறு நிறைந்திருந்தாலும் செய்யும். வீட்டிலுள்ளோர் ஒருவர் பின் ஒருவராக அறியாமல் உணவிடுவதும் உண்டு. ஆகையால், உணவிடும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்புவித்தல் வேண்டும். பிள்ளைகளிடம் ஒப்புவித்தால், அன்றாட அளவைச் சிறு டப்பியில் எண்ணி வைத்துக் கொடுப்பது நல்ல வழி. பொறுப்பும் அளவும் ஒருங்கே பழக்கமாகும்.

குடும்பத்தார் வெளியூர் செல்ல நேர்ந்தால், நலமாயுள்ள வளர்ந்த மீன் நான்கைந்து நாள் உணவின்றி இருக்கும். அயலாரிடம் தீவன டப்பாவை ஒப்புவித்துச் செல்வதைக் காட்டிலும் புறப்படுமுன் நீரை மாற்றிவிட்டுச் செல்வதே பாதுகாப்பு.

நோய்கள்

மீனின் நோயை முதலிற் காட்டுவது அதன் நடத்தை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடத்தல், உணவை மறுத்தல், நிறம் மங்குதல் ஆகியவை கண்டால் மருந்தைத் தேடுமுன் நீரை மாற்றவேண்டும். நீரைத் திருத்திய மாத்திரத்திலேயே தேறும் மீன்கள் பல.

வயிறு உப்பி ஒருபுறமாய்ச் சாய்ந்து நீந்துமாயின் அது பெரும்பாலும் மிகையுணவின் விளைவு. இரண்டு மூன்று நாள் உணவை நிறுத்தி, பின்னர் நீர்த்தெள்ளைச் சிறிதாகக் கொடுத்து வரவேண்டும். துடுப்பின் ஓரம் அரித்ததுபோல் தேய்ந்து கறுத்தால் நீர் கெட்டுள்ளது என்று அறிக. உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால், நீரின் உஷ்ணத்தைச் சிறிது சிறிதாக 30 டிகிரி வரை உயர்த்தி, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பைத் தனியே கரைத்து மெல்லச் சேர்த்து, பத்து நாள் வைத்திருத்தல் பலன் தரும். செதில்கள் பலாக்காயின் மேற்றோல் போல் விறைத்து நிற்குமாயின் உடலினுள் நோய் முற்றியது என்பது கருத்து. அந்நிலையில் பிழைப்பது அரிது. மனிதருக்கும் மாட்டுக்கும் உரிய மருந்துகளை மனம்போனபடி தொட்டியில் கரைத்தல் கூடாது. மீன்வளத்துறை அதிகாரிகளைக் கலந்துகொள்ளுதல் முறை.

இனவிருத்தி

ஆண் மீன் வாயினால் குமிழிகளை ஊதி நீரின் மேல் நுரைக்கூடு கட்டும். ஆழம் நான்கைந்து அங்குலமுள்ள தொட்டியில் ஒரு சிறு வாழையிலைத் துண்டை மிதக்கவிட்டால் அதனடியில் கூடு அமையும். பெண் மீனைச் சிம்னிக் கண்ணாடி போன்ற ஒரு குழலுக்குள் வைத்து ஆணின் கண்ணிற்படச் செய்து, கூடு முடிந்தபின் திறந்துவிடுவர். முட்டைகள் இடப்பட்டவுடன் பெண்ணை அகற்றிவிட வேண்டும்; இல்லையேல் ஆண் அதனைக் கடித்துக் கொல்லும். கீழே நழுவும் முட்டைகளை வாயாற் பொறுக்கிக் கூட்டில் சேர்த்துக் காவல் காப்பது ஆணே. ஒன்று இரண்டு நாளில் முட்டை பொரியும். மேலும் மூன்று நாளில் குஞ்சுகள் தாமாக நீந்தும். அப்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும்.

குஞ்சுகளுக்கு முதல் சில நாள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரிகளும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ப் பிராணியின் குஞ்சுகளும் உணவு. இப்பிராணி தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுவதாகும். காற்றுப் பருகும் உறுப்பு குஞ்சுகளுக்குச் சில வாரங்கள் சென்ற பின்னரே உருவாகும். அதுவரை நீர் கெட்டால் அவை தப்ப வழியில்லை. ஆண் குஞ்சுகள் சண்டையிடத் தொடங்கியதும் ஒவ்வொன்றையும் தனியே பிரிக்கவேண்டும். இதனை உபதொழிலாகக் கருதுவோர், நூறு ஆண் மீனுக்கு நூறு பாத்திரமும், அத்தனைக்கும் நீர் மாற்ற ஆளும் வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மிகுந்த மீன்களையோ, வேண்டாமென்று தோன்றிய மீனையோ ஏரி, குளம், வாய்க்கால்களில் விடலாகாது. இது நமது நாட்டு மீனன்று. அந்நிய மீன் பெருகினால் நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் கவரும். அதனிடமுள்ள நோயும் பரவும். வளர்க்க இயலாதவர் வேறொருவரிடம் ஒப்புவித்தலே முறை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஒரு மீனுக்கு 10 லிட்டருக்குக் குறையாத நீரும், காற்றுப் புகும் மூடியும் வேண்டும்.

2. குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே விடுக.

3. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. முழுவதையும் ஒருங்கே மாற்றற்க.

4. இரண்டு நிமிஷத்தில் தீரும் உணவே இடுக; எஞ்சியதை எடுத்துவிடுக.

5. உணவிடும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

6. பூச்சிமருந்து பட்ட கையும், நீரும், புழுவும் தொட்டியை அணுகலாகாது.

7. நீர்நிலைகளில் இம்மீனை விடற்க.

இவற்றிற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிஷமும், வாரத்திற்கு அரை மணியும் செலவாகும். அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாதவர் இம்மீனை வாங்காதிருப்பதே உத்தமம். ஒதுக்கக் கூடியவர் வீட்டில், ஒரு விரல் நீளமுள்ள இப்பிராணி இரண்டு மூன்று வருஷங்கள் நலமாக வாழ்ந்து, அளவறிந்து உணவிடுதலின் பயனைச் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் நாள்தோறும் காட்டி நிற்கும்.